ரா. தாராவி

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் நம் வயதுக்காரர்கள் யாரும் யோசிப்பதே இல்லை. பிறந்தது தாராவி, படித்தது தாராவி, கல்யாணமாகிப் போனது செம்பூர், பென்ஷன் வாங்குவதும் செம்பூர். ஆனாலும் வாய் தானாக ‘நாங்குநேரிப் பக்கம்’ என்று சொல்லிவிடும். நான் நாங்குநேரியைப் பார்த்தது மொத்தம் நான்கு தடவை. அதில் ஒரு தடவை முழுக்கக் காய்ச்சலில் கிடந்தேன்.

இதில் தப்பொன்றும் இல்லை. நீங்களும் இப்படித்தான் சொல்வீர்கள். ஆனால் ‘ஊர்’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பத்து வயதில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. போன மாதம் தாராவியில் வீடு வீடாக அளவெடுக்க வந்த பையன் ஒருவன் அதைக் கிளறிவிட்டுப் போய்விட்டான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லா ஊரையும் பிரித்து முடித்தார்கள், பம்பாயை மட்டும் யாரோடு சேர்ப்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள். மராத்தி மாநிலத்தோடு சேர் என்று ஒரு கட்சி. யாரோடும் சேர்க்காதே, தனி நகரமாகவே வை என்று இன்னொரு கட்சி. சுவரில், பஸ்ஸில், மீன் மார்க்கெட்டில் எல்லாம் இதே பேச்சு. எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் ஒரே தட்டில் சோறு தின்றது.

சேர்க்கச் சொன்ன கட்சி அப்பா. தோல் பதனிடும் டேனரியில் வேலை. அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கடுக்காய் வாடை வந்துவிடும். தனி நகரக் கட்சி என் தாய்மாமா. அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டுப் பரணில் குடியிருந்தார். மாட்டுங்காவில் ஓர் ஆபீஸில் பியூன். இடுப்பு வாரில் பித்தளை வில்லை பளபளக்கும். இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவார். போட்டு முடித்து அடியில் வாலைப் போல ஒரு கோடு இழுப்பார். எனக்குப் படம் போட, ஒரு பக்கம் டைப் அடித்த காகிதங்களை ஆபீஸிலிருந்து சுருட்டிக்கொண்டு வருவார். அந்தக் காகிதத்தின் கோந்து வாசனை எனக்கு இன்னும் மாமாவின் வாசனைதான்.

“அத்தான், ஒருத்தன் வீடுன்னு ஆயிட்டா மத்தவன் எல்லாம் விருந்தாளி. யாரு வீடும் இல்லன்னாத்தான் எல்லாரும் வீட்டுக்காரன். இந்த ஊரு தனியாவே கெடக்கட்டும்” என்பார் மாமா.

“மாட்டுங்கா ஐயாமாரு சொல்லிக் குடுத்தாவளோ? அவியளுக்கு எங்க போனாலும் நாக்காலி உண்டு. எங் கை ஒடிஞ்சப்போ என்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கி ஓடுனவன் யாரு? மராத்திக்காரன்தான மாப்ள? அவன் கூடதாம்ல நான் நிப்பேன்.”

“தூக்கிட்டு ஓடுனவன் நல்லவன்தான். அதுக்காவ வீட்ட எழுதிக் குடுக்க முடியுமா?”

“ஒங்கிட்ட ஏதுல வீடு, எழுதிக் குடுக்க?”

இந்த இடத்தில் அம்மா வருவாள். “ரெண்டு பேரும் பம்பாயப் பங்கு வச்சது போதும். கொழாயில தண்ணி வந்துட்டு, கொடத்த எடுங்க.” இருவரும் ஆளுக்கொரு குடத்தோடு சிரித்துக்கொண்டே போவார்கள். அதுவரை அது விளையாட்டுச் சண்டைதான்.

விளையாட்டு போனது ஒரு கல்லால். மதராஸிகள் எல்லாரும் தனி நகரக் கட்சி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பக்கத்துச் சந்தில் நம்மவர் கடை ஒன்றின் மேல் கல் விழுந்தது. கண்ணாடி ஜாடிகள் உடைந்து, சந்து முழுக்கக் கடலை மிட்டாய். பிள்ளைகள் நாங்கள் பொறுக்கித் தின்றோம். பெரியவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது தின்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் சந்தில் இருக்கிற தமிழர் அத்தனை பேரும் சேர்ந்து, பம்பாயை மராத்தி மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு மனுவில் கைநாட்டு வைப்பது. ஊர்வலத்தன்று அதை அப்பாவே கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நடப்பது. கண்ணாடி போட்ட கமிட்டிக்காரர் ஒருவர் இதற்குச் சம்மதித்து, அச்சடித்த தாள்களைக் கொடுத்தார். அந்த மனு போய்ச் சேர்ந்தால் எங்கள் சந்தில் கல் விழாது. அப்பாவும் டேனரியில் யாருக்கும் வேற்றாள் ஆகமாட்டார். அந்தத் தாளில் அப்பாவின் உயிரே இருந்தது என்று இப்போது தெரிகிறது.

எழுதும் வேலை எனக்கு. நான் முனிசிபாலிட்டி மராத்திப் பள்ளியில் படித்தேன், சந்தில் மராத்தி எழுதத் தெரிந்த ஒரே தமிழ்ப் பிள்ளை. தாளோடு ஒரு காப்பியிங் பென்சிலும் வந்திருந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் பதியும், ரப்பர் போட்டாலும் அழியாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை நாக்கில் தொட்டேன். கசந்தது. கசப்பும் பெருமையாகத்தான் இருந்தது.

தாளில் நான்கு கட்டங்கள். பெயர் தெரிந்தது, வயது தெரிந்தது, கடைசியில் கையெழுத்து. நடுவில் ஒரு கட்டத்தின் தலையில் ‘ரா.’ என்று மட்டும் போட்டு ஒரு புள்ளி.

“‘ரா’ன்னா ராத்திரிதான?” என்றாள் அம்மா, முறத்தைத் தட்டிக்கொண்டே.

“பேரு, வயசு கேட்டா அடுத்து என்ன கேப்பான்? ஊருதான் கேப்பான். எழுது” என்றார் அப்பா.

வீடு வீடாகப் போய் நின்று, “ஊரு எது?” என்று கேட்டேன். ஊரைக் கேட்டால் நம்மவர் முகம் மலர்வதைச் சொல்ல வேண்டுமா? களக்காடு, ஏர்வாடி, திசையன்விளை, வள்ளியூர். தாராவியிலேயே பிறந்தவன்கூட மார்பை நிமிர்த்தி ‘மூலைக்கரைப்பட்டி’ என்றான். இருபத்தொரு பேர். மாமா மட்டும் கைநாட்டும் வைக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. “நான் எதுல கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒனக்காவது தெரியட்டும் மருமவளே” என்று என் சடையை இழுத்துவிட்டுப் போனார். கடைசியில், மாவ்ஷி என்று நாங்கள் சித்தி முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்காரி, எங்களுக்காக இருபத்திரண்டாவது ஆளாகத் தானும் கையெழுத்துப் போட்டாள். ‘ரா.’ கட்டத்தில் அவளே ‘தாராவி’ என்று எழுதினாள். அவள் ஊர் ரத்னகிரி என்று எனக்குத் தெரியும். பாவம், மாவ்ஷிக்குத் தன் ஊரே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள், அப்பாவோடு கமிட்டி ஆபீஸுக்குப் போனேன். “மேரா லட்கி லிக்கா”, என் மகள்தான் எழுதினாள் என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார். கண்ணாடிக்காரர் என் கையெழுத்தைப் பார்த்து, முத்துமுத்தாக இருக்கிறது என்று மராத்தியில் சொன்னார். பிறகு படிக்க ஆரம்பித்தார். களக்காடு என்று வாய்க்குள் திக்கினார். திசையன்விளையில் நிறுத்திவிட்டார்.

“அரே, யே தோ மதராஸ் கீ அர்ஜி ஹை!”

மதராஸிலிருந்து வந்த மனு என்றதும் அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் புரியாமல் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கண்ணாடிக்காரர் தாளைத் திருப்பி என் பக்கம் காட்டினார். ‘ரா.’ என்றால் ‘ராஹணார்’, வசிக்கிற இடம். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டது போல எழுதி வைத்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. நாளைக் காலைக்குள் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று புதுத் தாள்கள் தந்தார். யாரோ ஒருவர் மட்டும் “பாவ்ணே லோக்” என்றார். விருந்தாளிகள் என்று அர்த்தம். அப்பாவுக்கு அவ்வளவு மராத்தி தெரியும். சிரித்த வாயை அவர் மூடவே சற்று நேரம் ஆயிற்று.

சந்துக்கு வந்து, எல்லாரும் தாராவி என்று மாற்றி எழுதலாம் என்றார். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

“எம்பேர்ல அங்க ஒரு பனமரம் நிக்கி வே. தாராவிக்காரன்னு எழுதிட்டா நாளைக்கி அது யாரு பன?” என்றார் எதிர்வீட்டுக்காரர். இன்னொருத்தி, ஊரை விட்டுக்கொடுத்தால் மகனுக்கு அங்கே யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டாள். நேற்றுவரை கைநாட்டு வைத்தவர்கள், இப்போது தாளை வெட்டரிவாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது மாமா சும்மா இருந்திருக்கலாம். “பாத்தீயளா அத்தான்? நம்மாளுவளே சேர மாட்டேங்காவ. நீங்க யார யாரோட சேக்கப் போறீய?”

அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார். “எந்த ஊரும் வேண்டாங்கிறவனுக்கு எதுக்கு எங்க வீட்டுச் சோறு?”

மாமா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டுப் பரணில் ஏறிப் படுத்துவிட்டார். அந்தத் தட்டை அம்மா வெகுநேரம் எடுக்கவே இல்லை.

மறுநாள் அப்பா மனு இல்லாமலே ஊர்வலத்துக்குப் போனார். முன்வரிசையில் இல்லை, எங்கோ நடுவில். மாமாவும் வேலைக்குப் போனார். பள்ளி விடுமுறை. அம்மா குழாயடியில் இருந்தாள், தம்பி தொட்டிலில் தூங்கினான். நான் பரணில் ஏறி, மாமாவின் பாயில் உட்கார்ந்து, புதுத் தாளை விரித்தேன்.

பழைய தாளைப் பார்த்து இருபத்திரண்டு பெயர்களையும் எழுதினேன். எல்லாருக்கும் ‘ரா. தாராவி’. கைநாட்டுக்கு என்ன செய்வது? பென்சிலை நக்கி என் பெருவிரலில் தேய்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நானே பதித்தேன். அப்பாவின் அவமானம் துடைபட்டுவிடும் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த ஆசை வந்தது. மாமாவும் இதில் இருந்தால் இரண்டு பேரும் ராசியாகிவிடுவார்களே. கடைசி வரியில் மாமாவின் பெயரை எழுதினேன். வயது இருபத்தாறு. ரா. தாராவி. அந்த வால் வைத்த இங்கிலீஷ் கையெழுத்து எனக்கு வரவில்லை, அதற்கும் பெருவிரல்தான்.

மத்தியானம் கலவரம் என்று செய்தி வந்தது. தடியடி, புகைக்குண்டு, ஓட்டம். கடைகளை எல்லாம் இழுத்து மூடினார்கள். ஆபீஸை மூடிவிட்டார்கள் என்று மாமா வேர்த்துக் கொட்டி வந்து நின்றார்.

“ஏல, அவிய இன்னும் வரலடா. போயிக் கூட்டிட்டு வா” என்றாள் அம்மா.

முந்தின நாள் சோற்றைச் சொல்லிக் காட்டியவரைத்தான் தேடப் போகிறோம் என்று மாமா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. செருப்பை மறுபடி மாட்டினார். நான் ஓடிப்போய் மடித்த தாளை நீட்டினேன்.

“மாமா, பள்ளிக்கூடத்துச் சீட்டு. அப்பாட்ட கையெழுத்து வாங்கணும். இன்னைக்கே வேணும், இல்லன்னா டீச்சர் அடிப்பாவ.”

ஏன் அந்தப் பொய்? மனு என்று சொன்னால் தொடமாட்டார் என்று தெரியும். மராத்தி அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அப்பா வாங்கிப் பார்த்தால் புரிந்துகொள்வார், அங்கேயே கண்ணாடிக்காரரிடம் கொடுப்பார் என்று ஒரு பத்து வயதுக் கணக்கு.

“ஊரே ஓடிட்டுக் கெடக்கு, இவளுக்குச் சீட்டு” என்று சிரித்தபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் திரும்பினார். “மருமவளே, என்ன நாக்கு ஊதாவா இருக்கு? நாவப்பழம் தின்னியா?”

தலையாட்டினேன். அதுதான் நான் அவருக்குக் கடைசியாகச் சொன்ன பதில், அதுவும் பொய்.

அரை மணி கழித்து அப்பா மாஹிம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பத்திரமாக வந்துவிட்டார். மாமா வரவில்லை. சாயங்காலம் டேனரி ஆள் ஒருவர் வந்து சொன்னார். “முக்குல பாத்தேன். உள்ள போவாத, எல்லாவனும் திரும்பி ஓடியாறான்னேன். அத்தானப் பாக்கணும், பிள்ளைக்கு ஒரு சீட்டுல கையெழுத்து வாங்கணும்னுட்டு நொழஞ்சிட்டான்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்து ஓடியதில் மாமா கீழே விழுந்து மிதிபட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பித்தளை வில்லையை வைத்துத்தான் அடையாளம் சொன்னாராம். அந்த வில்லை வீடு வந்து சேரவில்லை. தாள் வந்தது.

அப்பாவும் கமிட்டிக்காரரும் ஏதோ ஒரு தாளோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்தாள். என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துப் போனாள். “நாக்க நீட்டு” என்றாள். கல் உப்பையும் தேங்காய் நாரையும் வைத்துத் தேய்த்தாள். நாக்கில் ரத்தம் கசிந்தது. பிறகு என் பெருவிரலை எடுத்து அதையும் தேய்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியைக் கொன்றுவிட்டாய் என்று என்னைத் தண்டிக்கிறாள் என்றே நெடுங்காலம் நம்பினேன்.

கண்ணாடிக்காரர் அப்பாவோடு உள்ளே வந்தார். கையில் அந்தத் தாள், மடிப்பில் ஊதா கரைந்து பரவியிருந்தது. மனுவைச் சேர்க்கத்தான் மாமா கூட்டத்துக்குள் வந்திருக்கிறார், உங்கள் சந்துக்காக உயிரைக் கொடுத்திருக்கிறார் என்றார். பிறகு தாளை விரித்து, என்னைப் பார்க்காமல் கேட்டார், இதை எழுதியது யார் என்று.

“உஸ்னே லிக்கா. மேரா பாய்” என்றாள் அம்மா. அவன்தான் எழுதினான், என் தம்பி.

மாமாவுக்கு மராத்தி எழுதத் தெரியாது என்பது அப்பாவுக்குத் தெரியும். வால் வைத்த இங்கிலீஷ் கையெழுத்துக்காரர் ஏன் கைநாட்டு வைக்க வேண்டும்? அதுவும் இருபத்துமூன்று பேருக்கும் ஒரே சின்னப் பெருவிரலா? இரண்டு நாள் முன்பு முத்துமுத்து என்று மெச்சிய கையெழுத்து, கண்ணாடிக்காரருக்குத் தெரியாமலா போகும்? அவர் அந்தக் கடைசி வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். “ஆப்லா மாணூஸ்” என்றார். நம் ஆள்.

மாமாவை ஊர்வலமாக எடுத்துப் போனார்கள். எந்த ஊரோடும் சேரமாட்டேன் என்றவரின் பின்னால், சேர் சேர் என்று கோஷம் போட்டுக்கொண்டு அவ்வளவு பெரிய கூட்டம். சந்து முனையில் சின்னதாக ஒரு கல் நட்டு, மராத்தியில் அவர் பெயரை வெட்டினார்கள். அடியில் ‘ரா. தாராவி’. அதன் பிறகு எங்கள் சந்தில் வேறு கல் விழவில்லை.

பிறகு பம்பாயைச் சேர்த்தும் விட்டார்கள். அப்பா சாகும்வரை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொன்னார்: மாப்ள கடைசி நேரத்தில் மனசு மாறி, நம்ம பக்கம் வந்துட்டான். சோற்றைச் சொல்லிக் காட்டியதை மட்டும் சொல்லமாட்டார். அந்தக் கதை இல்லாவிட்டால் அவரால் அந்தத் தட்டில் சாப்பிட்டிருக்கவே முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அம்மா கதை நடக்கும்போது எழுந்து போய்விடுவாள். என்னைக் காப்பாற்ற ஒரு பொய், சந்தைக் காப்பாற்ற அதே பொய். அதற்கு விலையாகத் தன் தம்பி சொன்ன ஒரே கொள்கையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொடுத்தாள். அவள் என்னைத் தண்டிக்கவில்லை. தண்டித்திருந்தால் தேவலை. நான்கு பேருக்குத் தெரிந்த ஒன்றை, எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் தனியாகச் சுமந்தேன்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தப் பையன். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் அல்லவா, யார் இங்கத்தியவர், யாருக்கு வீடு உண்டு என்று கணக்கெடுக்கிறார்கள். அன்று தொட்டிலில் கிடந்த என் தம்பிதான் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறான். பழைய அத்தாட்சி எதுவும் இல்லை, வீடு போய்விடுமோ என்று செம்பூருக்குப் போன் செய்து அழுதான். போனேன்.

கையில் டேப்லெட்டோடு பையன் நின்றான். தம்பி அவனைச் சந்து முனைக்கு இழுத்துப் போய், கல்லின் மேல் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்தான். “தேக்கோ, ஹமாரா மாமா. கல்லுலயே எழுதியிருக்கு, ராஹணார் தாராவி!”

பையன் குனிந்து படித்தான். கல்லை ஒரு படம் எடுத்தான். இது செல்லுமா என்று மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றான். பிறகு மரியாதையாக, பாட்டி என்று மராத்தியில் கூப்பிட்டு, என் பக்கம் திரும்பினான்.

“ஆஜி, இந்தக் கல்லுல இருக்கிறவரத் தெரியுமா உங்களுக்கு? இது நிஜந்தானே?”

தம்பி என் முகத்தையே பார்த்தான். அவன் வீடு என் வாயில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாக்கு ஊதாவாக இருக்கும் என்று, இந்த வயதிலும் எனக்குப் பயம்.